மச்சானின் மர்ம நாவலைப் பற்றி வேன் வாசகர்கள் சொன்னவை

லாபிஸ்,
விஜயதசமிக்கு மறுநாள்.

தம்போய் நகரில் பகலில் அறிவியல் ஆசிரியராகவும், பள்ளி விட்ட பிறகு கதையில் ஆட்களைக் கொல்லுகிறவராகவும் விளங்கும் என் அன்பு மச்சான் மதிவாணன் அவர்களுக்கு, அக்காள் புருஷன் தங்கராஜு வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் அக்காள் சந்திரமதியும் தங்கள் அப்பாவும் வேனும் சௌக்கியம். வேனுக்கு மட்டும் குளிர் ஊதுகிற ஏர்கானில் கொஞ்சம் நெஞ்சுச் சளி. அங்கே தாங்களும் தங்கள் நாவலும் சௌக்கியமாக இருக்க, நாங்கள் கும்பிடுகிற அம்மனையும் தாங்கள் கும்பிடுகிற தெர்மாமீட்டரையும் வேண்டிக்கொள்கிறேன். மரியாதை போதும் மச்சான், கை வலிக்கிறது. இனிமேல் ‘நீ’தான்.

வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நான் பேசி அனுப்புவதை நீ ரெண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாயாம். உன் பெண்டாட்டி உன் அக்காவிடம் சொல்லிவிட்டாள். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது பார். இன்னொன்று, கவரில் தபால் தலை இல்லையே என்று ஆராய்ச்சி பண்ணாதே. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே. முந்நூறு பக்கம் எங்களைக் காக்க வைத்தவன் நீ, நான் வைக்கிற நாலு பக்கத்துக்குக் காத்திருந்தால் குறைந்துபோக மாட்டாய்.

விஷயத்துக்கு வருகிறேன். ‘கருவறையில் ஈரம்’ என்கிற உன் நாவலை போட்டோஸ்டேட் கடையில் சுருள்கம்பி போட்டு ஒரே ஒரு பிரதி எனக்கு அனுப்பினாய். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. ‘மாமா, தீபாவளிக்கு முன்னால் அச்சுக்குப் போகிறது. நாலு பேருக்குப் படிக்கக் கொடுத்து உண்மையான கருத்தை எழுதி அனுப்புங்க.’ அதன் கீழே, பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்திருந்த இடத்தில், ‘முக்கியமா அப்பா. அவர் வேண்டாம்னு சொன்னா நான் அச்சுக்கே கொடுக்க மாட்டேன்.’ சரி, நியாயமான ஆசை. ஆனால் உனக்கும் உன் அப்பாவுக்கும் பேச்சு நின்று எத்தனை காலம் ஆகிறது? கோயில் வேப்பமரத்தில் பால் வடிகிறது என்று சனம் கூடி நின்ற அன்றைக்கு, கோயில் தலைவர் அய்யாவு, அதாவது என் மாமனார், அதாவது உன்னைப் பெற்றவர், மைக்கில் அம்மன் பெருமை பேசிக்கொண்டிருக்கும்போது, நீ போய் அந்த மைக்கை வாங்கி, “இது பால் இல்லைங்க, மரத்துக்குச் சீக்கு” என்று சொன்னாய். அன்று முதல் அவர் “அவன்கிட்ட சொல்லு” என்பார், நீ “அவர்கிட்ட சொல்லுங்க” என்பாய், நடுவில் நான் கம்பி மாதிரி கிடக்கிறேன். இவ்வளவும் பண்ணிவிட்டு, பெரிய மீசையும் தோளில் துண்டும் வாயில் மைக்குமாக ஒரு கோயில் தலைவரைக் கதைக்குள் உட்கார வைத்து, அந்தக் கதையை அவர் கையிலேயே கொடுத்துக் கருத்துக் கேட்டு எழுதச் சொல்கிறாய். வெடியைப் பற்றவைத்து மாமன் கையில் கொடுக்கிற மச்சானை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு வெளியே வந்தவன். எழுத்துக்கூட்டி உன் முந்நூறு பக்கத்தை முடிப்பதற்குள் அதில் துப்பறிகிற உன் டாக்டர் ஆதவன் பென்ஷன் வாங்கிவிடுவார். அதனால் ஒரு யோசனை பண்ணினேன். பெக்கோக்கில் தொடங்கி லாபிஸ் வழியாக என் வேனில் ஆட்களைக் கையுறை பேக்டரிக்கு ஏற்றிப்போகிறேனே, அதில் முன் சீட்டில் வருகிற பெண் லோஷினி நன்றாகத் தமிழ் படிக்கும். புத்தகத்தை டாஷ்போர்டில் வைத்தேன். காலையில் போகும்போது அது சத்தமாகப் படிக்க, வேனே கேட்டது. முதல் நாள் எல்லாரும் தூங்கினார்கள். மூன்றாம் நாள் அம்மன் சிலைக்கு வெள்ளிக்கிழமை தோறும் வேர்க்க ஆரம்பித்தது, எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். பூட்டின கருவறைக்குள் பூசாரி செத்துக் கிடந்த அன்று நானும் ரோட்டை விட்டுக் கதைக்குள் போய்விட்டேன், வேன் முன் சக்கரத்தோடு ரோட்டோரக் கால்வாயான லோங்காங்கில் இறங்கிவிட்டது. இறங்கித் தள்ளுங்கள் என்றால் ஒருத்தரும் இறங்கவில்லை. “அந்த அத்தியாயம் முடியட்டும் அங்கிள்” என்கிறார்கள். கால்வாய்த் தண்ணீரில் சாய்ந்தபடியே உன் பூசாரியின் பிரேதப் பரிசோதனையைக் கேட்டு முடித்தோம். பேக்டரி சூப்பர்வைசரிடம் என்ன காரணம் சொன்னோம் தெரியுமா? “டயர் பஞ்சர்.” கொலை என்று சொன்னால் நம்பமாட்டார்.

நீ கேட்ட வாசகர் கருத்துகளை, கூட்டாமல் குறைக்காமல் தருகிறேன். கையுறை எண்ணிக் கட்டுகிற சூசையம்மாள், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற பெண்மணி, அவர் சொன்னது: “அம்மனுக்கு வேர்க்குதுன்னு முந்நூறு பக்கம் ஆராயுறாரே, ஒரு காத்தாடி வாங்கிப் போட்டா தீர்ந்துச்சு லா. ஜொகூர்ல வேர்க்காத ஆளு யாரு?” அதோடு விடவில்லை. “எங்க மாதா சுரூபம் கண்ணீர் விட்டுச்சுன்னா முதல்ல பிஷப்புக்கு எழுதுவோம், அவர் ஆள் அனுப்புவார், விசாரிப்பாங்க, அதுக்குள்ள நாங்க செத்துருவோம். உங்க கதையில மறுநாளே உண்டியல் வச்சிட்டாங்க. அந்த வேகம் எனக்குப் பிடிச்சிருக்கு.” ஏர்கான் பழுது பார்க்கிற யுகேந்திரன், இவனுக்கு உலகத்தில் எது கெட்டாலும் ஏர்கானுக்குச் சொல்கிற ஒரே பதில்தான். “கேஸ் தீர்ந்துபோச்சு.” அவன் அண்ணன் கல்யாணம் நின்றபோதும் அதைத்தான் சொன்னான். அம்மன் வேர்ப்பதற்கும் அதுதான் காரணமாம். லோஷினிக்கு ஒரே குறை: “இவ்ளோ படிச்ச டாக்டர் ஆதவனுக்கு ஒரு காதலி கூட இல்லையா? மைக்ராஸ்கோப்பையேவா பாத்துக்கிட்டு இருப்பாரு?” உன் அக்காளின் கருத்தைக் கேள். டாக்டர் ஆதவனுக்கு ஓர் அக்காள் ஒரே ஒரு பக்கத்தில் வந்து ரசம் ஊற்றிவிட்டுப் போகிறாளாமே, அவளுக்குப் பேர்கூட நீ வைக்கவில்லையாம். “பாலூட்டுறதைத் தவிர எல்லாம் செஞ்சு வளர்த்தேன். செத்துக் கிடக்கிற பூசாரிக்குப் பேர் இருக்கு, எனக்கு இல்ல” என்று ரெண்டு நாள் எனக்கு ரசம் வைக்கவில்லை. நீ எழுதியதற்கு நான் பட்டினி.

அப்பாவுக்கு வருகிறேன். முதல் நாளே அவர் தேத்தண்ணீர் குடிக்கிற மேசையில் புத்தகத்தை வைத்தேன். “மாமா, மதி எழுதினது.” “எந்த மதி?” “உங்க மகன்தான்.” “எனக்குக் கண்ணாடி சரியில்ல.” சொல்லிவிட்டு, கண்ணாடி இல்லாமலே பேப்பரில் மரண அறிவிப்புகள் முழுவதையும் படித்தார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. எனக்குச் சோறு போடுகிற வீடு அது. புத்தகத்தைத் திரும்ப வேனில் வைத்தேன். ஆனால் இடையில் ஒரு விசித்திரம். ஒரு நாள் காலையில் லோஷினி புத்தகத்தைத் திறந்து மூக்கைச் சுளித்தது. “அங்கிள், பக்கமெல்லாம் தைலம் வாடை அடிக்குது.” உடனே சூசையம்மாள், “கருவறையில ஈரம், புத்தகத்துல தைலம். அற்புதம்! பிஷப்புக்கு எழுதிருவோமா?” என்றார். வேன் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். யோசிக்கவில்லை.

கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் என்ன பண்ணினாய்? சிலையின் வேர்வையைப் பஞ்சில் ஒற்றிக் கொண்டுவந்து, டாக்டர் ஆதவன் குனிந்து பார்த்தார், அவர் பார்த்தது... என்று நிறுத்தினாய். லோஷினியும் நிறுத்தியது, ஏனென்றால் பேக்டரி வாசல் வந்துவிட்டது. மறுநாள் டாஷ்போர்டில் புத்தகம் இல்லை மச்சான். சத்தியமாக இல்லை. அன்றைக்கு என் வேனில் நடந்த விசாரணையை நீ கண்டிருந்தால் ரெண்டாம் பாகம் எழுதியிருப்பாய். யுகேந்திரன் சூசையம்மாளைச் சந்தேகப்பட்டான். சூசையம்மாள் லோஷினியை. லோஷினி என்னை. நான் யாரையும் சந்தேகப்படவில்லை, ரோட்டைப் பார்த்து ஓட்டினேன், ஏற்கெனவே ஒரு லோங்காங் அனுபவம் இருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சரஸ்வதி பூசை. சாமி மேடையில் என் லைசென்ஸ், ஸ்பேனர், உன் அக்காளின் தையல் கத்திரி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்கள் எல்லாம் அடுக்கியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, அட்டையில் சந்தனம் குங்குமத்தோடு, சுருள்கம்பியில் மல்லிகைச் சரம் சுற்றி, உன் நாவல்! அம்மனுக்கு வேர்ப்பது உண்மையா பொய்யா என்று கேட்கிற புத்தகம் அம்மன் படத்துக்கு முன்னால் ஊதுபத்திப் புகையில் உட்கார்ந்திருக்கிறது. “யார் வச்சது?” என்று கேட்டேன். உன் அக்காள், “நான் இல்லப்பா” என்றாள். மணி ஆட்டிக்கொண்டிருந்த மாமா திரும்பிப் பார்க்காமல், “புத்தகம்னா பூசையில வைக்கணும். இதுக்கு என்ன விசாரணை?” என்றார்.

சங்கதி தெரிந்து வேன் வாசகர்கள் எல்லாரும் சுண்டல் சாக்கில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சுண்டலைத் தின்றுகொண்டு புத்தகத்தையே பார்க்கிறார்கள். பூசையில் வைத்ததை மறுநாள் எடுக்கும்வரை தொடக்கூடாது, திறக்கக்கூடாது. அது உனக்கே தெரியும், பரீட்சை வந்தபோதெல்லாம் கணக்குப் புத்தகத்தை முந்தின வாரமே மேடையில் வைத்தவன் நீ. சூசையம்மாள் மெல்ல மாமாவிடம் போனார். “ஐயா, நான் மாதா கோயிலு. எனக்கு இந்தத் தடையெல்லாம் கிடையாது. ஒரே ஒரு அத்தியாயம், நின்னுக்கிட்டே படிச்சிட்டு வச்சிடறேன்.” மாமா அவரைத் தீர்க்கமாகப் பார்த்தார். “உனக்குத் தடை இல்லதாம்மா. புத்தகத்துக்கு இருக்கே.” சூசையம்மாள் திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் சுண்டல் வாங்கிக்கொண்டார்.

விஜயதசமி அன்று வேன் ஆட்கள் ஷிப்டுக்கு முன்னாலேயே வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். மேடையிலிருந்து எடுத்ததும் வீட்டுக்குப் பெரியவர் முதலில் நாலு வரி படிக்க வேண்டும் அல்லவா? பள்ளிப் புத்தகம் அத்தனை கிடந்தும் மாமா எடுத்தது உன்னுடையதை. சரியில்லாத கண்ணாடி அன்றைக்குச் சரியாகிவிட்டது. முதல் பக்கத்தைத் திறக்கவில்லை, நேரே கடைசி அத்தியாயம். நாலு வரியில் நிறுத்தவும் இல்லை. நின்ற இடத்தில், உதடு மட்டும் அசைய, படிக்கிறார், படிக்கிறார், கற்பூரம் அணைந்துவிட்டது, படிக்கிறார். “தாத்தா, சத்தமாப் படிங்க” என்று லோஷினி கெஞ்ச, கையைக் காட்டி நிறுத்தினார். முடித்தார். மூடினார். அக்குளில் இடுக்கிக்கொண்டார். “யாரு தாத்தா கொன்னது? வேர்த்தது நிசமாவே அம்மனுக்கா?” என்றது லோஷினி. “ஷிப்டுக்கு நேரமாச்சு, கிளம்புங்க” என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டார். “அலமாக்!” என்று சூசையம்மாள் தலையில் கை வைத்தது தெருவுக்கே கேட்டது.

ஆட்களை இறக்கிவிட்டு வந்து கதவைத் தட்டினேன். “மாமா, மதிக்குக் கருத்து எழுதணும். என்ன எழுத?” கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். தைலப் புட்டியை மூடிக்கொண்டு, “தலைவர் மைக்கை ரெண்டு கையால பிடிப்பாருன்னு எழுதியிருக்கான். நான் ஒரு கையாலதான் பிடிப்பேன்” என்றார். அந்த இடம் ரெண்டாம் அத்தியாயத்தில் அல்லவா வருகிறது! என் கண் முன்னால் அவர் படித்தது கடைசி அத்தியாயம் மட்டும். புத்தகத்துக்குத் தைலம் வாடை எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வேன் சாவியை ஆணியில் மாட்டினதும் யார் எடுத்துப்போகிறார் என்று பார்க்காதது என் தப்பு. “சரி மாமா, பிடிச்சிருக்கா, இல்லையா? அச்சுக்குக் கொடுக்கலாமா?” என்று கேட்டேன். “சொல்ல ஒண்ணுமில்ல” என்றார்.

அவ்வளவுதான் மச்சான். நீ தாள் கிழிய எழுதிக் கேட்ட கருத்து இதுதான். வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. அச்சுக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் பாடு. வேன் வாசகர்கள் சார்பில் ஒரு கோரிக்கை: முடிவு தெரியாமல் நான் வேனை எடுத்தால் நாளை முதல் பஸ்ஸில் போவார்களாம். உன் பெண்டாட்டிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளின் தலையில் என் கையும் உன் அக்காளின் கையும் எப்போதும் இருப்பதாக. உன் பேனாவில் மை குறையாமலும், உன் கதையில் பூசாரிகள் குறைந்துகொண்டே போகாமலும் அம்மன் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நாவலால் ரசம் இழந்த மாமன்,
தங்கராஜு

பின்குறிப்பு: மாமா “சொல்ல ஒண்ணுமில்ல” என்றார் என்று மேலே எழுதினேன் அல்லவா, அதை அடித்துவிடு. பாதி வாக்கியம்தான் எழுதினேன். முழுசாக அவர் சொன்னது: “உன்கிட்டச் சொல்ல ஒண்ணுமில்ல. அவன்கிட்டதான் சொல்லணும். நாளைக்கு வேனை எடு.” இந்தப் பின்குறிப்பை உன் தெருமுனையில் ஸ்டியரிங் மேல் வைத்து எழுதுகிறேன். தபால் தலை இல்லாததற்குக் காரணம் புரிந்ததா? கவரை உன் பெட்டியில் போட்டு மணியை அடித்துவிட்டு ஓடிவந்துவிடுவேன். மாமா முன் சீட்டில் இருக்கிறார், மடியில் உன் புத்தகம், மல்லிகைச் சரத்தைக்கூட எடுக்கவில்லை. இறங்குங்கள் என்றால், “அவனா வந்து கூப்பிடட்டும்” என்கிறார். யோங் பெங் தாண்டியதும் ஏர்கான் உயிரை விட்டுவிட்டது, கேஸ் தீர்ந்துபோச்சு. நீ இந்தக் கடிதத்தை நிறுத்தி நிதானமாகப் படித்த நேரமெல்லாம் அவருக்கு இங்கே வேர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கிறது. அது ஏன் என்று பஞ்சில் ஒற்றி ஆராயாமல், சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வா.