எருமைக்கு அந்தப் பக்கம் ரோடு

வழி தெரியாதவர்களால் யாருக்கும் ஆபத்து கிடையாது. நாலு பேரைக் கேட்டு, ரெண்டு தடவை திரும்பி, எப்படியோ வந்து சேர்ந்துவிடுவார்கள். வழி தெரியாமல் மேப் மட்டும் போடத் தெரிந்தவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இருபத்துநாலு வயதில் நான் அப்படிப்பட்ட ஒருத்தி. என்னைப் பெண் பார்க்க வந்த குடும்பத்தை நானே சாக்கடைக்கு அனுப்பிவைத்தேன்.

அப்போது ஹைதராபாத்தில் ஒரு மாடி காலியாகக் கிடந்தால் அதில் சாஃப்ட்வேர் கம்பெனி முளைத்துவிடும். எங்கள் கம்பெனி சனத்நகரில், ஒரு லேத் பட்டறைக்கு மேலே. காகித மேப்புகளைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவது அங்கே ஒரு கூட்டத்தின் வேலை. ஏற்றிய ஃபைல்களைப் படித்துத் திரையில் வரைந்து காட்டுவது என் வேலை. படிப்பது என்றால் நானா படித்தேன்? அதற்கென்று ஒரு லைப்ரரி இருந்தது (புத்தகமெல்லாம் கிடையாது, எங்கேயோ ஒரு புண்ணியவான் எழுதி இலவசமாக விட்ட ப்ரோக்ராம்). ஃபைல் பெயரைச் சொன்னால், இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிவரை ஒரு கோடு என்று அது வரிசையாக எடுத்துக் கொடுக்கும். நான் வாங்கி வரைவேன். சேர்ந்த கொஞ்ச நாளில் ஹைதராபாத் மொத்தமும் என் திரையில் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு என் கால் தரையில் படவில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். ஒரு மேப் என்பது ஒரே ஃபைல் இல்லை. ஒரே பெயரில் ரெண்டு மூன்று ஃபைல்கள் சேர்ந்திருக்கும். ஒன்றில் வெறும் கோடுகள். இன்னொன்றில் ஒரு டேபிள். எந்தக் கோடு ரோடு, எது ரயில் பாதை, எது காம்பவுண்டுச் சுவர் என்று அதுதான் சொல்லும். ரெண்டையும் தனித்தனியாகத் திறந்து படிக்க வேண்டும். பக்கத்து சீட் நவீத் முதல் வாரமே எச்சரித்தான்.

"டேபிள் பீ படோ மேடம். காலி லைன் தேக்கே க்யா கர்தே?" (டேபிளையும் படி, வெறும் கோட்டைப் பார்த்து என்ன செய்யப்போகிறாய் என்கிறான்.)

"நக்கோ பாய்" (வேண்டாம் அண்ணே) என்றேன். கோடுதான் கண்ணுக்குத் தெரிகிறதே, அப்புறம் எதற்கு டேபிள்?

எங்கள் வீடு போவன்பள்ளியில், மொத்த விலைக் காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்பக்கம். அப்பாவுக்குப் பாதுகாப்புத் துறையில் வேலை. எங்கே வீடு என்று யாராவது கேட்டால்கூட ராணுவ ரகசியத்தைக் கேட்ட மாதிரி யோசித்துத்தான் பதில் சொல்வார். அம்மாவுக்கு மார்க்கெட் என்ற வார்த்தையே ஆகாது. காரணம் இருந்தது. முதன்முதலில் என்னைப் பார்க்கக் கிளம்பிய ஒரு குடும்பம், வெங்காய லாரிகளுக்கு நடுவே வெகுநேரம் நின்றுவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டது. ஏரியா சரியில்லை என்று போனில் சொன்னார்கள். அம்மா அழுதாள். நான் அழவில்லை என்று சொன்னால் அது பொய்.

அதனால் பட்டான்செருவிலிருந்து இளங்கோவின் வரன் வந்தபோது அம்மா உஷாராக இருந்தாள். ஊர் முழுக்க கெமிக்கல் ஃபேக்டரி; பையன் அங்கே ஒரு மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட்.

"இவங்களை மார்க்கெட் வழியா வரச் சொல்லாதீங்க. மார்க்கெட்னு வாயையே திறக்காதீங்க."

"வேற எப்படி வருவாங்க? ஹெலிகாப்டர்லயா?" என்றார் அப்பா.

"நான் மேப் போட்டுத் தரேன்ப்பா" என்றேன். என் வாயில் சனி உட்கார்ந்த நேரம் அது.

ஆபீஸில் எங்கள் ஏரியாவை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹைவேயிலிருந்து பிரிந்து, மார்க்கெட்டைத் தொடாமல், எங்கள் காலனிக்குப் பின்னால் வந்து முடிகிற ஒரு கோடு இருந்தது. அழகாக வளைந்து, ஒரு சிக்னல் கூட இல்லாமல். பள்ளிக்கூட நாளிலிருந்து அதே இடத்தில் குடியிருந்தும் அந்த ரோட்டை நான் பார்த்ததில்லை. இத்தனை நாள் தெரியாமல் போச்சே என்று வருத்தப்பட்டேனே தவிர, ஏன் தெரியவில்லை என்று யோசிக்கவில்லை. அதைத் தடிமனான சிவப்புக் கோடாக்கி, முனையில் ஒரு குட்டி வீடு வரைந்து, இளங்கோவுக்கு மெயிலில் அனுப்பினேன்.

பதில் வந்தது: "மேப் ரொம்ப அழகா இருக்கு. நீங்களே போட்டீங்களா?"

இந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்பதை என் மகளிடம்கூடச் சொன்னதில்லை. அதுவரை என்னைப் பற்றிக் கேட்டவர்கள் எல்லாரும் உயரம், நிறம், சமையல் என்றுதான் கேட்டார்கள். இவன் ஒருத்தன்தான் என் வேலையைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான். இவனையே கட்டிக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மூஞ்சியைக்கூட ஃபோட்டோவில்தான் பார்த்திருந்தேன்.

சனிக்கிழமை காலை வருவதாக ஏற்பாடு. ஒன்பதுக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் பெண்ணைப் பார்த்துவிட வேண்டும். அம்மா விடியும் முன்பே கேசரி கிளறிவிட்டாள். எட்டரைக்கு இளங்கோவின் அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"சார், ரோடு முடிஞ்சு போச்சு."

என் அப்பா என்னைப் பார்த்தார். நான் போனைப் பிடுங்கினேன்.

"முடியாது அங்கிள். மேப்ல நேரா போகுது. நீங்களும் நேரா வாங்க."

"நேரா எருமை நிக்குதும்மா."

"ஹாரன் அடிங்க அங்கிள், நகர்ந்துடும்."

"கழுத்து வரைக்கும் தண்ணியில நிக்குதும்மா. எங்கே நகரும்?"

அந்த இடத்திலாவது என் மூளை விழித்திருக்க வேண்டும். நான் சொன்ன பதில் இன்றுவரை எங்கள் குடும்பத்தில் வழங்கிவருகிறது: "அப்போ எருமைக்கு அந்தப் பக்கம் ரோடு இருக்கும் பாருங்க."

திருப்புவதற்குள் அவர்கள் சுமோவின் பின் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. பிறகு நடந்தது இதுதான்: அந்த வழியாக வந்த ஒரு டிராலி ஆட்டோவை நிறுத்தி, இளங்கோவின் அம்மா பட்டுப்புடவையோடு டிரைவர் பக்கத்தில் இடுக்கி உட்கார, அப்பாவும் பிள்ளையும் பின்னால் முட்டைக்கோஸ் மூட்டைகள் மேல் ஏறிக்கொள்ள, மாப்பிள்ளை ஊர்வலம் நேராக மார்க்கெட்டுக்குள் நுழைந்தது. எதை மறைக்க மேப் போட்டேனோ அதன் நட்டநடுவில், எல்லா சந்து வழியாகவும்.

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. நான் உள்ளறை ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். இளங்கோவுக்கு முழங்கால் வரை சேறு, வண்டியைத் தள்ளியிருக்கிறான். அவன் அம்மா ஒரு பெட்டித் தக்காளியோடு இறங்கினாள். முழுப் பெட்டி. அங்கே சில்லறையாகத் தர மாட்டார்களாம்.

"ராகு காலம் வந்துடுச்சு. இப்போ பொண்ணைப் பார்க்கக் கூடாது" என்று ஹாலில் உட்கார்ந்தாள். "ஆனா பேசலாம். ஏம்மா, உள்ளேதானே இருக்கே?"

"இருக்கேன் ஆன்ட்டி" என்றேன், திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து.

"இந்த சிவப்புக் கோடு என்னது?"

"ரோடு ஆன்ட்டி."

"ரோட்டுல தண்ணி எப்படி வந்துச்சு?"

"மழை பெஞ்சிருக்கலாம்..."

"ஹவ், மே மாசத்துல?" ஹைதராபாத் 'ஆமாம்' போட்டுக் கேட்டது இளங்கோவின் குரல். முதன்முதலாகக் கேட்கிறேன். சிரிப்பை அடக்குகிற குரல்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த அறையில்தான் வீட்டுக் கம்ப்யூட்டர் இருந்தது, ஆபீஸ் ஃபைல்கள் அதில் இருந்தன. ரோடுதான் என்று நிரூபித்துவிட்டே வெளியே வருவது என்று உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த டேபிளைத் திறந்தேன். எங்கள் காலனியில் முடிகிற கோட்டைத் தேடிப் பிடித்தேன். அதன் எதிரே 'நாலா' என்று எழுதியிருந்தது. நாலா என்றால் இந்த ஊரில் சாக்கடை ஓடுகிற கால்வாய். போன வாரம் ஆபீஸில் இந்தக் கோட்டுக்குத்தான் நான் சிவப்பு அடித்து, முனையில் வீடு கட்டியிருந்தேன்.

போச்சு, எல்லாம் போச்சு என்று தோன்றியது. ஏரியா சரியில்லை என்று போனவர்களாவது ஏரியாவைக் குறை சொன்னார்கள். இவர்கள் என்னையே சொல்வார்கள், அதுவும் நியாயமாக.

"ஆன்ட்டி" என்றேன். "அது ரோடு இல்லை. நாலா. நான் டேபிளைப் படிக்கலை."

ஹாலில் இளங்கோ சிரிக்க ஆரம்பித்தான். என் அப்பா சிரித்தார், அவன் அப்பா சிரித்தார். என் அம்மா மட்டும், "மார்க்கெட் பக்கம் வீடுன்னு தெரியக் கூடாதுன்னு நான்தான்..." என்று இழுத்தாள்.

"ஐயோ, அதை எதுக்கு மறைச்சீங்க?" என்றாள் இளங்கோவின் அம்மா. "என்ன விலைக்குக் கொடுக்கறான் தெரியுமா! நாங்க அங்கே கெமிக்கல் நாத்தத்துல கருகின கத்திரிக்காய் வாங்கிட்டிருக்கோம்."

பத்தரைக்கு ராகு காலம் போனது. நான் வெளியே வந்தபோது மாப்பிள்ளை என் அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அங்கேயே சம்மதம் சொன்னாள், ஒரே ஒரு நிபந்தனையோடு.

"பொண்ணைப் பிடிச்சிருக்கு. கல்யாண மண்டபத்துக்கு வழி மட்டும் வேற யாராவது சொல்லட்டும்."

சொன்னபடியே பத்திரிகையில் மேப் போடவில்லை. எல்லாரும் வந்து சேர்ந்தார்கள்.

இப்போது என் கணவர் வண்டி ஓட்டும்போது போனில் ஒரு பெண் குரல் வழி சொல்கிறது. அது வலது பக்கம் திரும்பச் சொல்லும்போதெல்லாம் பின் சீட்டில் இருக்கும் மாமியார் என் தோளைத் தட்டுவார்.

"கேளுடி. இவளாவது டேபிளைப் படிச்சாளாமா?"