கதவுக்கு அண்டை கொடுத்த பீரங்கிக் குண்டு

அன்பும் மரியாதையும் மிக்க மாமாவுக்கு,

அக்கா மகள் எழுதுவது. இங்கே எல்லோரும் முழுசாக இருக்கிறோம். 'நலம்' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்; இன்றைய நிலவரத்துக்கு 'முழுசாக' என்பதே பொருத்தம். நீங்கள் வழக்கம்போல் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

பழைய இரும்புக் கடையில் ஜோடியாக வாங்கி, ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு, மற்றொன்றைக் "காலிக் கூடுதான்க்கா" என்று அம்மாவுக்குக் கொடுத்தீர்களே, அந்தக் குண்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். இத்தனை வருடமாக வாசல் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க அதுதான் அண்டை. அம்மா அதைப் பாத்திரப் பொடி போட்டுத் தேய்ப்பாள், அதைக் கொண்டே ஆணி அடிப்பாள், தேங்காய் உடைப்பாள். போன வாரம் சாயங்களின் வரலாறு பற்றி ஒரு புத்தகம் படித்தேன். பட்டுக்கு மஞ்சள் ஏற்ற ஒரு அமிலத்தைப் பயன்படுத்தினார்களாம், மாமா. பிக்ரிக் அமிலம். அதற்குள் எவ்வளவு கோபம் இருக்கிறதென்று தெரியாமலே பல காலம் துணியில் தோய்த்து உடுத்தியிருக்கிறார்கள். பிறகு அதையே உருக்கிப் பீரங்கிக் குண்டுக்குள் ஊற்றினார்கள். சும்மா கிடந்தால் சாது. உலோகத்தில் பட்டுப் பட்டு உப்பாக மாறிவிட்டால் ஒரு உரசல் போதும். அதற்குப் பயந்தே குண்டின் உட்புறம் வார்னிஷ் பூசுவார்களாம். ஒரு நிறத்துக்குள் இப்படி ஒரு இடி தூங்க முடியுமா என்று பிரமித்துப்போய்த் தலையை நிமிர்த்தினேன். எதிரே நம் குண்டு. அதன் மூக்கடியில் மஞ்சள் கறை.

வெடிகுண்டுப் பிரிவுக்குப் போன் செய்தேன். தெருவையே காலி செய்துவிட்டார்கள். அம்மா மட்டும் அசையவில்லை.

"என் தம்பி ஆசையா குடுத்த ஒரே பொருள். அதுல குத்தம் கண்டுபிடிக்கத்தான் உன்னப் படிக்க வச்சேனா?" என்றவள், கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து, "காலிதான் சார், நீங்களே கேளுங்க," என்று குண்டின் தலையில் நங்கென்று ஒரு போடு போட்டாள்.

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். சற்றுப் பொறுத்து ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அம்மா, உங்க தம்பிக்கும் உங்களுக்கும் ஏதாவது பகையா?"

"ஏன் சார் கேக்கறீங்க?"

"கரண்டியக் கீழ வைங்க, சொல்றேன்."

இப்போது தெருமுனையில் யாருடைய ஸ்கூட்டரிலோ உட்கார்ந்து எழுதுகிறேன். வீடு இன்னும் தெரிகிறது. அது தெரிவதே ஆச்சரியமாக இருக்கிறது, மாமா. நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். அம்மா இனி உங்களோடு பேசமாட்டாளாம். ஆனால் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதச் சொன்னாள்.

உங்கள் பாதங்களை வணங்கும்,
அக்கா மகள்.

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டார்கள். நம்முடையது பயிற்சிக் குண்டு, உள்ளே வெறும் மணல். மஞ்சள் கறை, கதவுக்குப் பெயின்ட் அடித்தபோது சொட்டியது. மகிழ்ச்சியில் அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்: "அக்கா தூக்கமாட்டா" என்று இரண்டில் பாரமான குண்டை நீங்களே எடுத்துக்கொண்டது, அதன் மூக்கில் எவ்வளவு துடைத்தாலும் மஞ்சளாக ஏதோ கசிகிறது என்று போன மாதம் குறைப்பட்டுக்கொண்டது. கேட்டதும் அதிகாரி உட்கார்ந்துவிட்டார். இந்தக் கடிதத்தை உங்கள் கதவிடுக்கில் போட்டவர் தபால்காரர் இல்லை, அவர்தான். சீருடைக்காரருக்கு நீங்கள் கதவு திறக்கமாட்டீர்கள், என் கையெழுத்துக்குத் திறப்பீர்கள் என்றாள் அம்மா. வாசலில் நிற்கிறார். மாமா, இப்போது உங்கள் காலை அந்தக் குண்டின் மேலிருந்து மெல்ல, மிக மெல்ல எடுங்கள்.