முருங்கை மூட்டு எறும்பு

முருங்கை மூட்டில், மரத்தடி மண்ணில், எறும்பு மொய்த்துக் கிடந்தது. விடியற்காலையில் உபதேசியார் ஞானதாசன் ஒன்றுக்கு ஒதுங்கிவிட்டு வந்த அதே இடம்.

"சர்க்கரை வியாதியாக்கும்," என்றாள் மனைவி சத்தியபாய். "உங்க அப்பாவும் இதுலதான போனாரு? இனி காலம்பற புட்டும் மட்டிப்பழமும் கிடையாது, கேட்டியளா?"

ஞானதாசனைக் கவலை பிடித்துக்கொண்டது. சாவை நினைத்துப் பாதி, புட்டை நினைத்து மீதி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகத் தினமும் கோழி கூவுமுன் சத்தியபாய் உரலில் அரிசி இடித்துப் புட்டு அவிப்பாள். மனுஷன் மூன்று குழல் உள்ளே தள்ளாமல் ஜெபவீட்டுப் பக்கம் தலைகாட்ட மாட்டார்.

"பழம் இல்லாம வெறும் புட்டு தாட்டீ."

"அரிசியும் சர்க்கரைதான்."

மறுநாள் அவித்த பயறு மட்டும். எறும்பு வந்தது. அதற்கடுத்த நாள் முருங்கைக்கீரை. எறும்பு கூடுதலாக வந்தது.

பனையிலிருந்து அக்கானிப் பதநீர்க் குடுவையோடு இறங்கிய பனையேறி ஜான்ரோஸ் எட்டிப் பார்த்தான். "கட்டெறும்பும் வந்திருக்கே, உபதேசியாரே."

ஞானதாசன் அரண்டுபோனார். தாமே ஊறவைத்த வெந்தயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். எறும்பு போகவில்லை. சனிக்கிழமை காலை வெறும் பச்சைத்தண்ணீர்தான் குடித்தார். எறும்பு வேலி தாண்டி வரிசை கட்டி வந்தது.

"பச்சைத்தண்ணியிலயும் சர்க்கரையாட்டீ?"

"உங்க ஒடம்பு. எனக்கெப்பிடித் தெரியும்?" என்று கொட்டாவி விட்டாள் சத்தியபாய். இந்த ஒரு வாரமாக வெயில் வந்த பிறகுதான் எழுந்திருக்கிறாள். முகத்தில் நல்ல தெளிச்சி.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரம். ஞானதாசன் தள்ளாடி எழுந்து சபை முன்னால் முழங்காலிட்டார். உபதேசியார் சபையில் பண்ணும் பொருத்தனையை, ஆண்டவருக்குக் கொடுக்கும் வாக்கை, மீற முடியாது. மீறினால் ஊரே காறித் துப்பும். அது தெரிந்தும் அழுதுகொண்டே சொன்னார்:

"ஆண்டவரே, அந்த எறும்பை மட்டும் விலக்கிப்போடும். இனி சாகுறவரைக்கும் நான் புட்டைத் தொடமாட்டேன்."

சபையார் ஆமென் என்றார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னது சத்தியபாய்.

திங்கட்கிழமை காலை முருங்கை மூட்டில் ஒற்றை எறும்பு இல்லை. ஞானதாசன் குனிந்து பார்த்தார், மண்டியிட்டுப் பார்த்தார், இலையைத் தள்ளிப் பார்த்தார்.

"ஏட்டி, ஓடி வா. கர்த்தர் ஜெபத்தைக் கேட்டாரு."

சத்தியபாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். பனையிலிருந்து இறங்கிய ஜான்ரோஸ் நிறைந்த குடுவையோடு அவளிடம் வந்தான்.

"உபதேசியாரம்மா, முருங்கை மூட்டுல தினமும் ஊத்தச் சொன்ன அக்கானியை நேத்தைக்கு ஊத்தண்டாம்னு சொன்னியளே, அந்தப் பங்கை இனி உபதேசியாருக்கே குடுத்திரட்டா?"