அல்வாரோவுக்கு ஒரு மலர்வளையம்

"உயிரோட இருக்கிற மனுஷனை எதுக்குச் சாகடிச்ச?"

"மெல்லப் பேசு. பக்கத்து அறையில சம்பந்தி இருக்காங்க."

"மெல்ல எப்படிப் பேசறது? நேத்துப் படுக்கப் போறப்போ அவன் நல்லாத்தான் இருந்தான். காலையில காப்பி ஆறறதுக்குள்ள கொன்னுட்டியே."

சண்டை நடந்தது ஓர்வியேத்தோ ஊர் விடுதியின் குளியலறையில். சத்தம் வெளியே போகாமலிருக்க லொரெதானா குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். அவள் புருஷன் சாந்தேவின் குரல் ரோவிகோவில் எங்கள் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அதைக் குழாய்த் தண்ணீரா அமுக்கும்?

எல்லாம் ஒரு பாட்டிலால் வந்த வினை. ஈஸ்டர் விருந்துக்கு வந்த சம்பந்தியம்மாள் லுதோவிகா ஒரு ஒயின் பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவள் பொலோஞ்ஞாக்காரி, சொத்துப் பத்திரம் எழுதும் நோட்டரியின் விதவை, கழுத்தில் முத்துமாலை இல்லாமல் காய்கறி வாங்கக்கூடப் போகாதவள். பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டில் திராட்சைத் தோட்டத்துச் சொந்தக்காரர் பெயர்: அல்வாரோ கொர்லாந்தி. லொரெதானாவின் பிறந்த வீட்டுப் பெயரும் கொர்லாந்திதான்.

"அட, உங்க பேரு. சொந்தமா?" என்று கேட்டாள் லுதோவிகா.

லொரெதானாவின் சொந்தமெல்லாம் 'போ' ஆற்றுச் சேற்றில் விலாங்கு பிடித்துப் பிழைத்தவர்கள். எங்களுக்குத் தெரியாதா? ஆனால் மகள் மரிக்காவுக்கு அப்போதுதான் நோட்டரி வீட்டில் சம்பந்தம் அமைந்திருந்தது. புத்தி முழித்துக்கொள்வதற்குள் நாக்கு முந்திக்கொண்டது.

"சித்தப்பா பையன்."

"அப்படியா?" என்று லுதோவிகா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "அப்ப ஒண்ணு செய்வோம். கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு குடும்பமும் சேர்ந்து ஊர் சுத்திட்டு வருவோம். கடைசியில உங்க அண்ணன் தோட்டம்."

மாப்பிள்ளை தொமாசோ வேன் ஓட்டினான். உர்பினோவில் மற்றவர்கள் அரண்மனையைப் பார்த்தார்கள்; லொரெதானா சாக்கு சொல்ல வழி பார்த்தாள்.

"அண்ணனுக்கு விருந்தாளின்னாலே ஆகாது, சம்பந்தி."

"நாம விருந்தாளியா? சொந்தக்காரங்க."

பெரூஜாவில் அடுத்த சரக்கை எடுத்துவிட்டாள். "சொத்துத் தகராறு. ரொம்ப வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது."

லுதோவிகாவின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரர் காலம் பூரா பண்ணின வேலையே அதுதானே? நானே நடுவுல உட்கார்ந்து சேர்த்து வைக்கறேன்."

இனி அந்த அண்ணன் உயிரோடிருந்தால் தன் மானம் தங்காது என்று லொரெதானாவுக்குப் புரிந்தது. மறுநாள் ஓர்வியேத்தோவில், காலை ரொட்டியைக் காப்பியில் முக்கும்போது, கைபேசியைப் பார்த்தாள், நெஞ்சில் கைவைத்தாள்.

"அல்வாரோ போயிட்டானாம்."

லுதோவிகா கோப்பையைக் கீழே வைத்தாள். கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் வெகுநேரம் குலுங்கின. முன்னேபின்னே தெரியாதவனுக்காக இப்படி அழுகிறாளே என்று லொரெதானாவுக்கு உடம்பு கூசியது.

கைக்குட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது: "துக்கத்துக்குப் போகாம இருக்கலாமா? கருப்பு உடுப்பு இருந்தா போட்டுக்குங்க."

குளியலறைச் சண்டை அதற்கு அப்புறம்தான்.

"உண்மையைச் சொல்லித் தொலைச்சிடு," என்றான் சாந்தே. சாவுப் பேச்சு வந்தால் இரும்பைத் தொட வேண்டும் என்பதால் குழாயைக் கெட்டியாகப் பிடித்திருந்தான்.

"சொன்னா? பொய்க்காரி பெத்த பொண்ணு எங்க வீட்டுக்கு எதுக்குன்னு கேட்டா மரிக்கா எங்க போவா?"

சாந்தே குழாயை மூடினான்.

லொரெதானாவிடம் இருந்த ஒரே கருப்பு உடுப்பு, இரவு விருந்துக்கென்று எடுத்துவந்த ஜிகினா வைத்தது. வெயில் பட்டதும் வேன் கூரை முழுக்க நட்சத்திரம் பூத்தது. எல்லோரும் கூரையை மட்டும் பார்த்தார்கள். ஏதாவது சொல்லியிருந்தாலாவது தேவலை.

பியென்சாவில் பூக்கடை. நாடாவில் தங்க எழுத்து ஒட்டி முடித்ததும் லுதோவிகா அதைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். வந்ததிலிருந்தே ஓட்டலில் அவளுக்கு உணவுப் பட்டியலைப் படித்துச் சொல்வதும் லொரெதானாதான்.

"என் கண்ணாடியைத்தான் எங்கேயோ விட்டுட்டேனே. பிழையில்லாம இருக்கான்னு நீங்களே படிங்க, சம்பந்தி. உரக்க."

"அன்பு அல்வாரோவுக்கு. ஆறாத் துயரில், உன் தங்கை லொரெதானா."

குரல் உடைந்துவிட்டது. வெட்கத்தில் வந்த கண்ணீர்தான்; ஆனால் கண்ணீரில் பெயரா எழுதியிருக்கிறது? பூக்காரி அழுதாள். மரிக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டு, "என் கல்யாணத்துக்கு மாமா இருந்திருக்கணும்மா," என்று விசும்பினாள். சாந்தே திரும்பி நின்று கடைக் கதவின் இரும்புப் பிடியைத் தொட்டான்.

மத்தியானம் வந்த ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை லொரெதானா தட்டிலேயே ஒதுக்கிவைத்தாள். அதுவும் துக்கத்தின் கணக்கில் சேர்ந்தது. லுதோவிகா, "பொலோஞ்ஞாவுக்கு ஒரு போன்," என்று எழுந்துபோய் வெகுநேரம் தெருவில் நின்று பேசினாள்.

தோட்டத்துக்குப் போகும் பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது.

"அத்தை, எந்தப் பக்கம்?" என்றான் தொமாசோ.

லொரெதானா கைக்குட்டைக்குள் போய்விட்டாள்.

"இடது பக்கம் திருப்புடா," என்றாள் லுதோவிகா. "துக்கத்துல இருக்கிறவங்களைப் போய்க் கேட்கிறான் பாரு."

கதவு பூட்டியிருக்க வேண்டும், நாய் துரத்த வேண்டும், குறைந்தபட்சம் டயராவது வெடிக்க வேண்டும் என்று பாதுவா அந்தோணியாரை வேண்டிக்கொண்டாள். கதவு விரியத் திறந்திருந்தது. சைப்ரஸ் மரத்தடியில், கருப்பு டை கட்டி, தொப்பியைக் கையில் பிடித்தபடி, பெரிய மீசைக்காரர் ஒருவர் நின்றார்.

"நான் அல்வாரோவோட தம்பி," என்று தலை குனிந்தார். "அண்ணன் நேத்து ராத்திரி தவறிட்டார்."

லொரெதானா சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள். அம்மா சின்ன வயதில் 'கருநாக்கு' என்று திட்டியது சும்மா இல்லை. பொய் சொல்லி ஒரு மனிதனை நிஜமாகவே கொன்றுவிட்டோம்.

கூடத்தில் உட்கார வைத்து ஒயின் ஊற்றினார்கள். தலை நிமிர்ந்தபோது சுவரில் ஒரு படம் கண்ணில் பட்டது. அறுவடைத் திருவிழாவில் கோப்பை வாங்கும் மீசைக்காரர். கீழே பெயர்: அல்வாரோ கொர்லாந்தி. அதே மீசை. அதே மடிந்த காது. படத்தைப் பார்த்தாள், எதிரில் ஒயின் ஊற்றும் ஆளைப் பார்த்தாள்.

செத்தவர் அவளைப் பார்த்து மெதுவாக ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

அதற்குப் பதில் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். யாரோ ஒரு பொய்க்காரியின் மானம் போகக் கூடாதென்று ஒரு மனிதன் தன் வீட்டிலேயே செத்துப்போக ஒப்புக்கொண்டிருக்கிறான். பூமி வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஜிகினாவோடு உள்ளே போயிருப்பாள்.

"எங்கண்ணன் மாதிரி தங்கமான ஆள் கிடையாது," என்று அவர் பெருமூச்சு விட்டார். "அழகும் அழகு."

"படத்துல பார்த்தா அப்படி ஒண்ணும் தெரியலையே," என்றான் சாந்தே. மனைவி மேசைக்கடியில் மிதித்தாள்.

லுதோவிகா அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னாள். பொழுது சாயும் வரை ஆறுதல் சொன்னாள். பாவம், என்னால் ஒரு நல்ல மனுஷி ஏமாறுகிறாளே என்று லொரெதானா குமைந்தாள்.

செப்டம்பரில் மரிக்காவுக்கும் தொமாசோவுக்கும் கல்யாணம் நடந்தது, திரெவிசோவுக்குக் குடிபோனார்கள். அடுத்த வசந்தத்தில் சேதி வந்தது: லுதோவிகா பொலோஞ்ஞா வீட்டை விற்றுவிட்டு, அந்தத் 'தம்பி'யைக் கட்டிக்கொள்ளப் போகிறாள், தோட்டத்தோடேயே தங்கப் போகிறாள். துக்கத்துக்குப் போன இடத்தில் கல்யாணமா என்று எங்கள் தெருவில் வாயைப் பிளந்தோம். லொரெதானாவுக்கு வாய் மூடிவிட்டது. நகராட்சி மண்டபத்தில் மாப்பிள்ளை பெயரை உரக்கப் படிப்பார்களே. அல்வாரோ என்று படிப்பார்களே. தொமாசோ திரும்பித் தன்னைப் பார்ப்பானே.

கல்யாணத்தன்று காலை, மண்டபத்தில் வெளிவருவதற்கு முன் தானே சொல்லிவிடுவது என்று, தோட்டத்து வீட்டில் லுதோவிகாவின் அறைக்குப் போனாள். மணப்பெண் கண்ணாடி முன்னால் முத்துமாலையைப் பூட்டிக்கொண்டிருந்தாள். தோட்டத்துச் சமையல்காரி அசுந்தா, புது அலமாரிக்கு இடம் வேண்டுமென்று கட்டிலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தி, நான் உங்ககிட்ட ஒரு பெரிய பொய்..." என்று லொரெதானா ஆரம்பித்தாள்.

அசுந்தா கட்டிலுக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த துணியில் தூசியைத் துடைத்து லுதோவிகாவிடம் நீட்டினாள்.

"கிடைச்சிடுச்சும்மா. போன வருஷம் இவங்க எல்லாம் மலர்வளையம் தூக்கிட்டு வந்தாங்களே, அதுக்கு முந்தின வாரம் நீங்க இங்க தங்கினப்போ தொலைச்சீங்களே, அந்த மூக்குக்கண்ணாடி."