குதிரைக் காலண்டரும் பீப் டைரியும்

நாள் குறித்து வைக்க ஒரு வீட்டில் ஒரே இடம்தான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள்.

தொண்ணூறுகளில் மலேசியாவில், பெடாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். நான் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்வேன். யாருக்கு எந்தத் தேதி என்பதெல்லாம் சுவரில் தொங்கிய, குதிரைப் பந்தய நாட்களில் சின்னக் குதிரைப் படம் போட்ட காலண்டரில்தான் இருக்கும். அக்காவின் பிரசவத்துக்கு அம்மாவை சிங்கப்பூருக்கு அழைத்துப்போக வந்த அத்தான், எனக்கொரு எலக்ட்ரானிக் டைரி கொடுத்தார். கால்குலேட்டர் மாதிரி இருக்கும். தேதியைத் தட்டினால் பீப் என்று கத்தும். எதை வைத்துக்கொள்வது என்று நான் யோசிக்கவே இல்லை. (கத்தாத காலண்டரை யார் மதிப்பார்கள்?) அதன்பின் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

அப்பா மண்டோர், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மேற்பார்வையாளர். ரப்பர்க் காட்டில் அவர் குரலுக்கு ஆட்கள் நடுங்குவார்கள். மகளிடம் கல்யாணப் பேச்செடுக்க மட்டும் கூச்சம். அதனால் காலண்டரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் 'தம்பின் ஊரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள்' என்று எழுதிவிட்டார். நான் வாய் திறக்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு விடியும்போதே ரெம்பாக் கல்யாண வீட்டு முகவரியைச் சீட்டில் எழுதி வைத்துவிட்டு, நான் மோட்டார் சைக்கிளில் அங்கே போய்விட்டேன். கல்யாணப் பெண்ணுக்குப் பாதிச் சடை முடிந்திருந்தது. என் வாய் நிறையக் கொண்டை ஊசி. வாசலில் அப்பா. வந்தவர்களைக் காக்கவைக்கக் கூசி, அவர்கள் காரிலேயே அழைத்து வந்திருக்கிறார். பின்னால் பட்டுச்சேலையில் ஓர் அம்மாள், பழத்தட்டோடு ஓர் இளைஞர்.

"ஒன்னப் பாக்க வந்திருக்காங்கம்மா," என்றார் அப்பா.

ஊசிகளைப் பல்லில் கடித்தபடியே டைரியைத் தட்டினேன். "அப்பாயின்மென்ட் இல்லாம வந்தா எப்படிலா? அடுத்த மாசம் ஒரு சனிக்கிழம இருக்கு ஆன்ட்டி. பொண்ணு யாரு?"

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதாம்மா."

ஊசியெல்லாம் தரையில் சிதறின. அப்பா கூரையைப் பார்த்தார். கல்யாணப் பெண் சிரித்த சிரிப்பில் நான் தீட்டிய மை கன்னம்வரை இறங்கியது. ஓடவும் வழியில்லை, அவளுக்கு முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. இளைஞர் தட்டை வைத்துவிட்டு, குனிந்து ஊசிகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாக நீட்டினார். நான் தலைநிமிராமல் வாங்கி வாங்கிக் குத்தினேன். (சிலது சடையில். சிலது அவள் மண்டையில்.)

"பொண்ணு புடிச்சிருக்காடா?" என்று அந்த அம்மாள் அங்கேயே கேட்டார்.

"அவங்க வேலைய முடிக்கட்டும்மா," என்றார் அவர்.

அந்தப் பதிலுக்காகவே அவரைக் கல்யாணம் கட்டிக்கொண்டேன். இன்றும் மாமியார் யாரிடம் என்னை அறிமுகப்படுத்தினாலும் ஒரே பேச்சுதான்: "எங்க மருமக. அப்பாயின்மென்ட் கெடைக்கல, நேரா போயி கூட்டிட்டு வந்துட்டோம்லா."