பாதி வழியில் சைபீரியா

"பதினாலாயிரம் கிலோமீட்டர் டாடி. விளையாட்டா?" என்றான் ஆண்ட்ரூ, போனில்.

ரிச்சர்ட்ஸ் டவுன் டெஸ்மண்ட் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். பெங்களூரிலிருந்து சான்பிரான்சிஸ்கோ, சரியாகப் பதினாலாயிரம். பையன் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

அவரும் மனைவி நோராவும் கொண்டாடும் கல்யாணப் பொன்விழாப் பூசைக்கு இன்னும் மூன்று வாரம். பீடத்தின் முன்னால் மோதிரத் தட்டைப் பிள்ளைதான் நீட்ட வேண்டும். இருப்பது ஒரே பிள்ளை. அவன் வராவிட்டால் கோயில் வேலை பார்க்கும் உபதேசியார் நீட்டுவார். பங்குச் சனம் முழுக்கப் பார்க்கும்.

ஆண்ட்ரூவின் மனைவி சஹானா இந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று டெஸ்மண்ட் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது. அது வேறு விஷயம். இது தூரம் சம்பந்தப்பட்டது.

"நேரா ஒரே ஃப்ளைட் இருக்குடா. பதினேழு மணி நேரம்தான்."

"பதினேழு மணி நேரம் நான் மட்டும் தனியா எப்படி டாடி உக்கார்றது?"

"புஸ்தகம் எடுத்துட்டு வா."

மறுநாள் பயணத்தை இரண்டாக வெட்டினார். "ஃப்ராங்க்ஃபர்ட்ல ஒரு நாள் தங்கிக்கோ."

"அங்க தனியா என்ன டாடி பண்றது?"

"தூங்கு!"

"அப்ப லீவு பத்தாது."

லீவுதானே? டெஸ்மண்ட் ஃபாதரைப் பார்த்துப் பூசையை இரண்டு வாரம் தள்ளி வைத்தார். இருநூறு பத்திரிகையிலும் தேதியைப் பேனாவால் அடித்துத் திருத்தினார். பிரியாணிக்காரர், "வாங்கின வெங்காயமெல்லாம் முளைக்குது சார்" என்று வாசலில் வந்து கத்தினார். பழைய தேதிக்கே கோலாரிலிருந்து வந்திறங்கிய மச்சினர், புதிய தேதி வரை இருந்துவிடுவதாகச் சொல்லி டிவிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

ஆண்ட்ரூ அப்போதும் இழுத்தான். பூசை இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போனது.

"இதுதான் கடைசி டெஸ்மண்ட்" என்றார் ஃபாதர். "அதுக்கு அடுத்த வாரம் தவக்காலம். அப்புறம் விழாவும் கிடையாது, பிரியாணியும் கிடையாது."

நோரா மெல்ல ஆரம்பித்தாள். "ஏங்க, ரெண்டு பேரையும் சேத்து வான்னு ஒரு வார்த்தை..."

"தூரத்தப் பத்திப் பேசறப்ப நடுவுல வராதே!"

அன்று மாலை அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. அவன் பாதி தூரம் வரட்டும், நாம் பாதி தூரம் போவோம். ஆளுக்கு ஏழாயிரம். வரைபடத்தில் நடு இடத்தைத் தேடினார். அது சைபீரியாவில், பனிக்கு நடுவில் இருந்தது.

"மோதிரம் போடறதுக்குள்ள விரல் விழுந்துடும்" என்றாள் நோரா.

"நம்ம பாஷை அங்க எவனுக்கும் புரியாதே, சாம்பார் கிடைக்குமா?" என்று கேட்டார் மச்சினர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டெஸ்மண்ட் குடையை எடுத்துக்கொண்டு டிராவல்ஸ் ஆபீசுக்கு நடந்தார். அங்கே டிக்கெட் போடும் மௌரீன், கோயில் பாடகர் குழுவில் பாடுகிற பெண். டெஸ்மண்ட் வீட்டு மனிதர்கள் எல்லாரையும் அவளுக்குத் தெரியும்.

"ஆண்ட்ரூவுக்கு ஒரு டிக்கெட் பாரும்மா. ஒண்ணே ஒண்ணு. எப்படியாவது இந்தப் பதினாலாயிரத்தக் குறைக்கணும்."

மௌரீன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"எதுக்கு அங்கிள்? நீங்க பூசையத் தள்ளத் தள்ள, ஆண்ட்ரூ அண்ணனும் சஹானாவும் நம்ம பெங்களூர் தொம்மலூர்ல சஹானாவோட அம்மா வீட்லேருந்து ஆட்டோ பிடிச்சு இங்க வந்து, ரிட்டர்ன் தேதியத் தள்ளிட்டுத் தள்ளிட்டுப் போறாங்களே!"