வெள்ளரிக் குடிலில் விசாரணைக் கமிட்டி

கரியமில வாயு கூடுதலாகக் கிடைத்தால் செடிகள் செழிக்கும் என்று பயிர்த்துறை துண்டறிக்கை போட்டிருந்தது. அதை நம்பித்தான், எங்கள் தெருக்கோடியில் கண்ணாடிக் குடில் போட்டு வெள்ளரி வளர்க்கும் அக்கா ஒரு வாயு சிலிண்டர் வாங்கி வைத்தாள். வெயில் ஏறியதும் ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் குழாயைத் திறப்பாள். இலைகள் முறம் போல விரிந்தன. பிஞ்சு கொத்துக்கொத்தாக இறங்கியது.

ஒரு திங்கட்கிழமை காற்றுத்துறை அதிகாரி மீட்டரோடு வந்தார்.

"வெளியே இருக்கிறதைவிட ரெண்டு மடங்கு வாயு இருக்கேம்மா! இது மாசு. குழாய்க்கு சீல் வைக்கணும்."

"செடி அதைச் சாப்பிடுது சார்."

"சாப்பிட்டதுக்கு சாட்சி?"

அரக்கு காய்வதற்குள் பயிர்த்துறை அதிகாரி வந்து நின்றார். அவர் கையிலும் மீட்டர்.

"குழாயை மூடினா லைசென்ஸ் ரத்து. சுற்றறிக்கையைப் படிக்கலையா?"

"திறந்தா வழக்கு" என்றார் முதலாமவர்.

அக்காவின் வீட்டுக்காரர் அவள் காதைக் கடித்தார். "ரெண்டு யானைக்கு நடுவுல நிக்காதே, வா."

இரு துறைகளும் கலந்து பேசிப் பதினொரு பேர் கொண்ட கமிட்டி அமைத்தன. தீர்ப்பு வரும்வரை ஜன்னல் திறக்கக் கூடாது, ஏனென்றால் உள்ளே இருக்கும் காற்றே சாட்சியம். சாட்சியம் தப்பிவிடாதபடி கமிட்டியும் உள்ளேயே அமர்ந்தது. நேரம், பத்து முதல் ஐந்து.

அக்காவுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. குழாயும் இல்லை, வெளிக்காற்றும் இல்லை. உள்ளே இருந்த வாயுவைச் செடிகள் ஒரே காலையில் தீர்த்துவிட்டுப் பட்டினி கிடக்கும், பூவெல்லாம் கொட்டிவிடும் என்று பயந்தாள். நான்காம் நாள் எட்டிப் பார்த்தாள். இலைகள் மினுமினுத்தன. பதினொரு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். வாயு குறையவே இல்லை என்று காட்டிய மீட்டரைப் பார்த்தவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இவங்க விடுற மூச்சுதாங்க!" என்று வீட்டுக்காரரிடம் ஓடினாள். பிறகு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கமிட்டி முன் நின்றாள். "ஐயா, அவசரப்படாதீங்க. இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டு விவரமாப் பேசுங்க."

பேசினார்கள். ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தது: 'சிலிண்டர் இன்றியே விளைச்சல் பெருகியுள்ளதால், செடிகளுக்குக் கூடுதல் வாயு தேவையில்லை என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகிறது.' ஊரிலுள்ள எல்லாச் சிலிண்டர்களுக்கும் சீல் விழுந்தது. கமிட்டியும் கலைந்தது.

மறுவாரமே அக்காவின் செடிகள் சோர்ந்தன. அவள் கூசாமல் தன் மேலேயே ஒரு மொட்டைக் கடுதாசி எழுதிப் போட்டாள். கமிட்டி வந்தது, செடிகள் நிமிர்ந்தன. இது ஊருக்குக் கசிந்ததும் குடில் வைத்திருந்த அத்தனை பேரும் எழுதினோம். நானும்தான்.

இத்தனை விசாரணைக்கு அதிகாரிகளுக்கு எங்கே போவது? புகாருக்கு ஆளான குடில்காரர்களே ஒருவர் குடிலில் மற்றவர் கமிட்டியாக அமர வேண்டும் என்று அரசாணை வந்தது.

அமர்ந்தோம். இதுவரை காணாத விளைச்சல். நேற்று கமிட்டிக்குப் போகிற வழியில் அக்காவைப் பார்த்தேன்.

"என்னக்கா, உங்க காயெல்லாம் மஞ்சளா முத்திப் போய்க் கிடக்கே, பறிக்கலையா?"

"எப்படிப்பா பறிக்கிறது? அஞ்சு மணி வரைக்கும் உன் குடில்ல நான்தானே தலைவர்! உன் காயும் அப்படித்தான் கிடக்குது" என்றாள் அக்கா.